இதயத்தைத் தாங்கிய கை யாருடையது?

புகழ் பெற்ற ஒருவர் கொலையுண்டால், கொன்றவனுக்கும் அந்தப் புகழில் ஒரு பங்கு போய்ச் சேர்ந்துவிடுகிறது. 1980ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் இரவு, நியூயார்க் நகரின் டகோட்டா என்னும் மாளிகையின் வாயிலில் பாடகர் ஜான் லெனன் சுடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 40. 1968இல் ரிஷிகேசத்துக்கு வந்து தங்கி நம் நாட்டுப் பத்திரிகைகளில் இடம் பிடித்த பீட்டில்ஸ் குழுவினர் நால்வருள் அவர் ஒருவர். அந்தக் கொலையைப் பற்றி 2006இலும் 2007இலும் வெளிவந்த இரு படங்கள் சுட்டவனையே பின்தொடர்ந்து செல்கின்றன. அவன் எங்கே தங்கினான், என்ன படித்தான், மனத்துக்குள் எப்படிப் புழுங்கினான் என்பதே அவற்றுக்குப் பொருள். சுடப்பட்டவர் அப்படங்களில் ஏறக்குறைய ஒரு விருந்தாளி!

2016இல் ஜெரமி புரோஃப் இயக்கி வெளிவந்த ‘தி லெனன் ரிப்போர்ட்’ அந்தப் பாதையில் செல்லவில்லை. கொலையாளியின் மனத்தை ஆராயும் வேலையை ஒதுக்கிவிட்டு, குண்டுபட்ட மனிதரைக் காப்பாற்ற முயன்றவர்களைப் பார்க்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கும் இப்படத்தின் பெரும்பகுதி ரூஸ்வெல்ட் மருத்துவமனையின் அவசரப் பிரிவிலேயே நடந்து முடிகிறது. இந்த ஒரு தேர்வுக்காகவே இயக்குநரைப் பாராட்டலாம். பாராட்டிய பின் குறைகளுக்கு வருவோம்.

முதலில் நடந்தது என்ன என்பதைத் தெரிந்துகொள்வது நலம். சுடப்பட்ட ஐந்து குண்டுகளில் நான்கு உடலில் பாய்ந்தன. ஓடிவந்த காவலர்கள் ஆம்புலன்சுக்காகக் காத்திருக்கவில்லை. குருதி வழியும் மனிதரைத் தூக்கித் தங்கள் வண்டியின் பின் இருக்கையில் கிடத்திச் சில நிமிடங்களில் மருத்துவமனை சேர்த்தனர். மலைநாட்டில் வாழும் நமக்கு இந்தக் காட்சி அந்நியமானதன்று. மஞ்சூரிலிருந்து உதகைக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். அதுவும் கொண்டை ஊசி வளைவுகளும் மூடுபனியும் நிறைந்த சாலை. 2008 முதல் 108 வண்டி தமிழ்நாட்டில் ஓடுகிறது என்றாலும், தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் விழுந்தால் முதலில் கதவைத் திறப்பது பெரும்பாலும் ஒரு ஜீப் ஓட்டுநர்தான். நியூயார்க்கில் அந்தத் தூரம் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. அப்படியிருந்தும் உயிரைக் காக்க இயலவில்லை என்பதை நினைக்கும்போது அந்தக் காயங்களின் கொடுமை விளங்கும்.

வந்து சேர்ந்தபோது நாடித் துடிப்பே இல்லை. டேவிட் ஹாலரன் என்னும் இளம் மருத்துவர், அறுவைச் சிகிச்சையில் மூன்றாம் ஆண்டுப் பயிற்சியில் இருந்தவர், மார்பின் இடப்பக்கத்தைத் திறந்து இதயத்தைக் கையில் எடுத்துப் பிசைந்தார். குருதி ஏற்றப்பட்டது. ஆனால் இதயத்தை ஒட்டிய பெரிய நாளங்கள் சிதைந்திருந்தன. உள்ளே செலுத்தும் குருதி தங்குவதற்கு இடமில்லாதபோது, கை எத்தனை முறை அழுத்தினால்தான் என்ன? பணப்பையில் இருந்த அடையாள அட்டையைப் பார்த்த பின்னரே இவர் இன்னார் என்பதை அங்கிருந்தோர் நம்பினர். அதுவரை அவர்களுக்கு அவர் குண்டுபட்டு வந்த ஒரு நோயாளி மட்டுமே. பெயர் தெரியாத நிலையிலும் முயற்சியில் குறைவில்லை. தெரிந்த பின்னும் கூட்டுவதற்கு ஏதுமில்லை. படத்தின் மிகச் சிறந்த பகுதி இதுதான். வசனம் குறைந்து கைகள் மட்டுமே பேசும் அந்த நிமிடங்களில், நாம் நடிகர்களைப் பார்க்கிறோம் என்பதே மறந்துபோகிறது.

அன்றிரவு பத்திரிகையாளர் முன் நின்று மரணத்தை அறிவித்தவர் அவசரப் பிரிவின் தலைவர். அது அவர் பொறுப்பு. பின்வந்த ஆண்டுகளில் இதயத்தைத் தாங்கியதும் அவர் கைதான் என்றே உலகம் எண்ணிவந்தது. அவர் அளித்த பேட்டிகளும் அவ்வாறே அமைந்தன. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2015இல், ஹாலரன் வாய் திறந்தார். பார்பரா கம்மரர், டியா சாட்டோ என்னும் செவிலியர் இருவரும் அவர் கூற்றை உறுதிப்படுத்தினர். இத்தனை காலம் ஏன் பேசவில்லை என்று கேட்டபோது, இன்னாருக்கு நான் சிகிச்சை செய்தேன் என்று வெளியே போய்ச் சொல்லிக்கொள்வது மருத்துவருக்கு அழகன்று எனக் கருதியதாக அவர் விடையளித்தார். மய்யித்தைக் குளிப்பாட்டுகிறவர் தாம் கண்டதை வெளியில் சொல்லலாகாது என்னும் ஒழுக்கத்தைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்த நமக்கு, இந்த விடை நெருக்கமானதாகவே படுகிறது.

இங்கேதான் படத்தோடு நாம் மாறுபட வேண்டியிருக்கிறது. ஹாலரனுக்கும் செவிலியருக்கும் உரிய இடத்தைத் தருவது நியாயமே. குறிப்பாகச் செவிலியர், எந்த நாட்டுத் திரைப்படத்திலும் கருவியை எடுத்து நீட்டுவதோடு முடிந்துவிடும் அவர்கள் பணி, இப்படத்தில் கண்ணியத்துடன் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் ‘ரிப்போர்ட்’ என்று பெயர் சூட்டிக்கொண்ட ஒரு படைப்பு, சாட்சிகள் மாறுபடுகிறார்கள் என்பதையும் நமக்குக் காட்டியிருக்க வேண்டாமா? சாட்சியம் வேறு, நாடகம் வேறு. நடிகர் ஒருவர் செய்து காட்டிவிட்டால் அது நிறுவப்பட்டதாகிவிடாது. தலைவர் சொன்னது இது, பயிற்சி மருத்துவர் சொன்னது இது, செவிலியர் கண்டது இது என்று மூன்றையும் அருகருகே வைத்திருந்தால் உண்மை தானே எழுந்து நின்றிருக்கும். தவிர, பாத்திரங்கள் மிகுதி. பலர் வருகிறார்கள், பெயர் சொல்லுகிறார்கள், நம் மனத்தில் பதியுமுன் மறைகிறார்கள்.

படத்தின் இன்னொரு இழை செய்தியாளர் ஒருவரைப் பற்றியது. ஆலன் வைஸ் என்பவர் ஏபிசி தொலைக்காட்சியின் நியூயார்க் நிலையத்தில் செய்தித் தயாரிப்பாளர். அன்று மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டு, அதே மருத்துவமனையில் படுத்துக்கிடந்தார். லெனன் கொண்டுவரப்பட்டதை அறிந்ததும் எப்படியோ தொலைபேசியைப் பிடித்து நிலையத்துக்குச் சொல்லிவிட்டார். அச்செய்தியை மயாமியில் நடந்துகொண்டிருந்த கால்பந்து ஆட்டத்தின் நேர்முக ஒலிபரப்பில் ஹவர்டு கோசெல் அறிவித்தார். கோடிக்கணக்கான அமெரிக்கர் அதை முதன்முதலாகக் கேட்டது ஆட்டத்தின் இடையில்தான்!

அதே நேரத்தில் மருத்துவமனையின் மற்றோர் அறையில் யோகோ ஓனோ இருந்தார். கணவர் இறந்துவிட்டார் என்ற சொல்லை ஏற்க மறுத்துக் கதறியவர், சற்றுத் தெளிந்ததும் ஒரே ஒரு வேண்டுகோள் விடுத்தார். வீட்டில் ஐந்து வயது மகன் ஷான் இருக்கிறான், தொலைக்காட்சியில் அவன் கேட்டுவிடக் கூடாது, நான் போய்ச் சேரும்வரை அறிவிப்பைத் தள்ளிவையுங்கள் என்பதே அது. மருத்துவமனை இசைந்தது. ஆனால் செய்தி அதற்குள் கம்பியில் ஏறிவிட்டிருந்தது.

வைஸைக் குற்றவாளியாக்குவது நம் நோக்கமன்று. அவர் தம் தொழிலைச் செய்தார். நமது குறையெல்லாம் இயக்குநரைப் பற்றியது. தொலைபேசி கிடைக்குமா கிடைக்காதா என்னும் பரபரப்பை நமக்கு ஊட்டி, கிடைக்கட்டும் என்று நம்மையே ஏங்க வைக்கிறார். அந்தத் தாயின் வேண்டுகோளுக்கும் இந்த ஏக்கத்துக்கும் நடுவே பார்வையாளனை நிறுத்திக் கூசவைத்திருக்கலாம். கையில் வந்த வாய்ப்பு நழுவிவிட்டது. மரணச் செய்தி ஓர் அமானிதம். அதற்கு உரியவர் முதலில் வீட்டார். வளைகுடாவில் பாடுபடும் மகன் தந்தையின் மவுத்தைத் தாயின் குரலில் கேட்காமல், யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் படத்தில் காணும் காலம் இது. ஷானின் தாய் கேட்ட சில நிமிடங்கள் எவ்வளவு அரியவை என்று நம் வீடுகளுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் நாட்டுப் பாடகர்களின் கடைசி வேளைகளும் இத்தகைய படங்களுக்குப் பொருளாகக் கூடியவையே. 2020 ஆகஸ்டில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் சென்னை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது முதல் செப்டம்பர் 25இல் மறைந்தது வரை, வதந்திகளுக்கு நடுவே மகன் சரண் தாமே காணொளியில் தோன்றித் தந்தையின் நிலையைப் பொறுமையாகச் சொல்லிவந்தார். 2022 மே 31இல் கொல்கத்தா மேடையில் பாடி முடித்து விடுதிக்குத் திரும்பிய கே.கே., மருத்துவமனை சேருமுன்பே உயிர் நீத்தார். மார்பை அழுத்தும் முதலுதவி உடனே கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்று மருத்துவர் ஒருவர் கூறியதாகச் செய்திகள் வந்தன. பஞ்சாபில் 1988 மார்ச் 8இல் மெஹ்சம்பூரில் சுட்டுக் கொல்லப்பட்ட அமர் சிங் சம்கீலாவைப் பற்றி, ஏ.ஆர். ரஹ்மான் இசையில் இம்தியாஸ் அலி 2024இல் எடுத்த படம் அவருடைய கலையையும் அதனால் எழுந்த பகையையும் பேசுகிறது. அவருக்கு மருத்துவமனை வரை செல்லும் வாய்ப்பே கிட்டவில்லை. காப்பாற்ற முயன்றவர்களின் பக்கம் நின்று இந்தியப் பாடகர் எவரது மரணத்தையும் சொன்ன படம் ஒன்றை நாம் இன்னும் காணவில்லை.

‘தி லெனன் ரிப்போர்ட்’ ஆங்கிலப் படம். ஆபாசம் கருதி ஒதுக்க வேண்டியதன்று. எனினும் மார்பைத் திறக்கும் காட்சியும் குருதியும் இளம் பிள்ளைகளை உறங்கவிடா. மருத்துவமும் செவிலியமும் பயிலும் நம் பிள்ளைகள், ஹாலரனின் அறையில் நடப்பதை மட்டுமாவது பெற்றோருடன் இருந்து ஒருமுறை பார்க்கலாம்.