தலைக்கவசம் சிற்பமா?

1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் வெள்ளைச் சிப்பாய்களுக்குத் தலைக்கவசம் செய்து கொடுத்தவர் லண்டன்காரர் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த். சூட்டில் இளகிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின் மேல் போட்டு, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் வடிவம் வந்துவிடும். பிற்பாடு அவரே பிரதிகள் விற்க, லூகாஸ்ஃபிலிம் வழக்குப் போட்டது. 2011-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது: இது சிற்பமில்லை, படமெடுக்கப் பயன்பட்ட பொருள், கலைப்படைப்பு என்றால் அந்தப் படம்தான்.

தீர்ப்பால் அவர் அங்கே தொடர்ந்து விற்க முடிந்தது. சரி. ஆனா எனக்கு ஒண்ணு நெருடுது. வீட்டில் ஃபோம் ஷீட்டை வெட்டி, ஹீட் கன்னால் வளைத்து, தன் கற்பனையில் மட்டுமே இருக்கும் ஒரு வீரனுக்குக் கவசம் செய்கிறவனிடம் படமும் இல்லை, கேமராவும் இல்லை. போட்டு அழகு பார்ப்பதைத் தவிர அதனால் ஒரு பயனும் கிடையாது. அப்படீன்னா, நீதிமன்றத்தின் அளவுகோல்படியே, அது சிற்பம்தானே?