வினாத்தாளுக்குத் தெரியாத பட்டினி

உணவு உண்பதில் ஏற்படும் மனக்கோளாறைக் கண்டறிய உலகெங்கும் வழங்கும் வினாத்தாள் ஒன்று உண்டு. கனடாவின் டொரான்டோ நகரில் கார்னர், கார்ஃபிங்கல் என்னும் இருவர் 1979-இல் 40 வினாக்களுடன் அதை வெளியிட்டனர். 1982-இல் அது 26 வினாக்களாகச் சுருங்கியது. 20 புள்ளிகளோ அதற்கு மேலோ பெறுபவரை மருத்துவர் பார்க்க வேண்டும். செலவில்லாத, எளிய கருவிதான். ஆனால் நம் ஊருக்கு அது பொருந்துகிறதா?

மணப்பாட்டு மாணவி ஒருத்தி தவக்காலத்தில் இதை நிரப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். பசித்தும் உண்ணாமல் இருப்பதுண்டா என்று ஒரு வினா. ஒருசந்தி இருப்பவள் ஆம் என்றுதானே எழுதுவாள்? புள்ளி ஏறிவிடும்! இது சிறிய பிழை. மருத்துவர் நேரில் இரண்டு வார்த்தை கேட்டால் தெளிந்துவிடும்.

பெரிய பிழை வேறு. வினாக்களில் பல, உடல் பருத்துவிடுமோ என்ற அச்சத்தையே சுற்றி வருகின்றன. 1995-இல் டில்லி மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினர். உண்ண மறுத்தல், ஓயாத வாந்தி, எடைக் குறைவு, மாதவிலக்கு நின்றுபோதல் எல்லாம் இருந்தன. மேனாட்டு நோயாளிகளிடம் காணும் உடல் தோற்றக் குழப்பம் மட்டும் இல்லை. "எனக்கு வயிறு சேரவில்லை" என்று மட்டும் சொல்லி மெலியும் பெண்ணிடம், பருமனைக் கண்டு பயமா என்று கேட்டு என்ன பயன்?

மூளைக்கோ காரணம் தேவையில்லை. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள அவ்வுறுப்பு, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. வளரிளம் பருவத்தில் அங்கே வேண்டாத நரம்பிணைப்புகள் களையப்படுகின்றன. நரம்பிழைகளின் மேல் கொழுப்புறை படர்கிறது. அந்த நேரத்தில் பட்டினி! அனோரெக்ஸியா நோயுற்ற 685 பெண்களின் மூளைப் படங்களை ஆராய்ந்து 2022-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், மூளைப் புறணி மெலிந்திருந்தது. மனச்சோர்வு போன்ற பிற நோய்களில் காணும் மாற்றத்தைப்போல் இது இரண்டு முதல் நான்கு மடங்கு. இதைப் படித்து அஞ்சிவிடாதீர்கள். எடை ஓரளவு மீண்டவர்களிடம் இக்குறை குறைவாகவே இருந்தது. ஆகவே நாள் கடத்தாமல் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944-45-இல் ஆன்செல் கீஸ் நடத்திய சோதனையை நினைவுகூருங்கள். நலமுள்ள 36 ஆடவர்கள் ஆறு மாதம் அரைவயிறு உண்டனர். பருமனை அஞ்சியவர்கள் அல்லர். எனினும் சோர்வும் எரிச்சலும் மிகுந்து, ஓயாமல் உணவையே நினைத்தனர். சிலர் சமையற் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினர். பட்டினியே மனத்தை அப்படி மாற்றியது.

சென்னையில் 1995-இல் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்தவர்கள், 31 பேரிடம் கடுமை குறைந்த உணவுத் துயரைக் கண்டனர். 1998-இல் நம்மவருக்கென்று தனி வினாத்தாளும் அமைத்தனர். இதுவே நேர்வழி என்பது என் கருத்து. அமெரிக்க உளமருத்துவர் சங்கமும் 2013-இல் தன் நோய் வரையறையைத் தளர்த்தி, பருமன் அச்சத்தைச் சொல்லாவிட்டாலும் எடை கூடவிடாத நடத்தை தொடர்ந்தால் போதும் என்றது. பழைய வினாத்தாளையே மொழிபெயர்த்துப் பள்ளிகளில் வழங்குவோர், சில மாதங்களில் எடை எவ்வளவு இறங்கியது, மாதவிலக்கு ஒழுங்காக உள்ளதா என்ற இரண்டையாவது அதில் முதலில் சேர்க்கட்டும்.