அழுத்தத்தில் அணையும் காந்தம்

உஷ்ணத்தை ஏற்ற ஏற்றக் காந்தம் தளர்ந்து மறைவதுபோலவே, தனிப்பூஜ்யத்தை நெருங்கிய குளிரில் அழுத்தத்தை ஏற்றினாலும் அது சிறிது சிறிதாகத் தேய்ந்தே மறையுமென்றும், மறையும் அந்தக் குவாண்டம் சந்தியில் உலோகங்கள் யாவும் ஒரே விதிக்குக் கட்டுப்படுமென்றும் பேசுவது பௌதிக உலகில் ஒரு நாகரிகமாக நிலைத்துவிட்டது. 1976இல் பௌதிக அறிஞர் ஹெர்ட்ஸ் வகுத்த சித்தாந்தத்தின் வசீகரம் அப்படிப்பட்டது. ஃபெர்ரோகாந்த உலோகங்களோ, பரிசுத்தமாக வாய்த்தபோது, பெரும்பாலும் அதை மறுத்தே வந்திருக்கின்றன.

நெருக்கப்பட்ட உலோகத்தில் எலெக்ட்ரான்களின் சக்திப் பட்டை அகன்று, தற்சுழற்சிகள் ஒருமுகப்படுவதில் ஆதாயமில்லாமல் போகிறது என்பது 1930களில் ஸ்டோனர் இட்ட அஸ்திவாரத்திலிருந்து பெறப்படும் முடிவு. அச்சுழற்சிகளின் அலைவுகளையும் கணக்கில் சேர்த்த பெருமையில், ஜப்பானிய மோரியாவோடு, சென்னையில் பிறந்த டி. வி. ராமகிருஷ்ணனுக்கும் 1974ஆம் ஆண்டுக் கட்டுரையால் பங்குண்டு. ஆனால் கணிதத்தைப் போற்றியவர்கள் கருவியைப் பிடித்தவர்களை மறந்தார்கள். பெங்களூரில் சி. வி. ராமனிடம் பயின்று அமெரிக்கா சென்ற ஐயாசாமி ஜெயராமன், ராபின்சன், மில்ஸ்டைன் ஆகியோருடன் 1964இலேயே கடோலினியத்தை நெருக்கி, ஒவ்வொரு கிலோபாருக்கும், அதாவது ஏறக்குறைய ஆயிரம் வளிமண்டல அழுத்தத்துக்கு, அதன் காந்தம் மறையும் க்யூரி உஷ்ணநிலை சுமார் ஒன்றரைப் பாகை இறங்கக் கண்டார். சாதாரண அழுத்தத்திலேயே சுமார் 20 பாகை செல்சியஸில் காந்தத்தை இழந்துவிடும் அவ்வுலோகம், எங்கள் கடற்கரை ஊரான தேங்காய்ப்பட்டணத்தின் மார்கழி விடியலில்கூட ஃபெர்ரோகாந்தமாக இராது.

பரிசுத்தம் எவ்வளவு பெரிய விஷயமென்பதற்குச் சிர்க்கோனிய–துத்தநாகச் சேர்மமே சாட்சி. பெரிலியம் கலந்த செம்பு உருளையின் துளைக்குள், திரவத்தில் மூழ்கி, மயிரிழைக் கம்பிகள் ஒட்டப்பட்டுக் கிடக்கும் அரிசிமணியளவுப் படிகத்தில்தான் இத்துறையின் வழக்குகள் தீர்கின்றன. 1971இல் அச்சேர்மத்தின் காந்தம் 8.5 கிலோபாரில் மறைந்ததாகக் கண்டார்கள்; படிகம் மேம்பட்டபின், 2004இல், அது 16.5 கிலோபார்வரை தாக்குப்பிடித்து, அங்கே தேயாமல் ஒரே தாவலில் அறுந்தது. இடையில் 2001இல் அதில் கண்டதாகக் கொண்டாடப்பட்ட மீக்கடத்தல், மின்பொறியால் அறுக்கப்பட்ட மேற்பரப்பின் விளைவே என்று பின்னர் தெளிந்தது. மாங்கனீஸ் சிலிசைடு 14.6 கிலோபாரில் காந்த ஒழுங்கை இழப்பதும் திடீர் மாற்றமாகவே நிகழ்கிறது. தூய உலோகத்தில் எலெக்ட்ரான்களின் மிகச் சிறு கிளர்ச்சிகளும் காந்தத்தோடு பிணைந்து அதைத் தாவச் செய்தே தீரும் என்று பெலிட்ஸ், கிர்க்பாட்ரிக், வோய்டா மூவரும் 1999இல் காட்டியதை, ஹெர்ட்ஸுக்கு எழுதிய அடிக்குறிப்பாக எண்ணுவது அநியாயம், மூலபாடமே அதுதான்.

2020இல் சீரியம், ரோடியம், ஜெர்மானியம் சேர்ந்த ஒரு படிகம், சுமார் 8 கிலோபாரில், தாவலின்றியே காந்தத்தை இழந்தது. பழைய நம்பிக்கைக்கு இதைச் சான்றாகக் காட்டுவோர், அப்படிகத்தின் அமைப்பில் மையச் சமச்சீர் இல்லையென்பதையும், அதைக்கொண்டே பெலிட்ஸும் கிர்க்பாட்ரிக்கும் அவ்வாண்டே விளக்கம் தந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தச் சீரியம், எங்கள் கரையையொட்டிய மணவாளக்குறிச்சிக் கரிமணலின் மோனசைட்டிலும் முதன்மையான அருமண் தனிமம். படிகம் வளர்க்கச் சில கிராம் போதும். அதற்கென்று கடற்கரையைப் புதிதாகத் தோண்ட வேண்டியதில்லை. வளர்த்த படிகத்தை நெருக்கிப் பார்க்கத் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் உயர் அழுத்த ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சூத்திரங்களில் மயங்கி நிற்கும் நம் இளைஞர்கள், பரிசுத்தமான படிகம் வளர்க்கும் வித்தையை முதலில் கற்றுக்கொண்டு அங்கே செல்லட்டும்.