படக்குறிப்பின் இலக்கணம்: ஜெர்மானியப் பட இதழ்களும் பாலக்காடு, இடுக்கி எல்லைப்புற நிழற்படங்களும்

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஜெர்மனியில் நிழற்படக்கலை பெற்ற எழுச்சியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கருவியிலிருந்தே தொடங்குவர். 1925இல் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் அறிமுகமான லைக்கா, கையடக்கமான ஒரு கருவியைச் செய்தியாளர் கையில் சேர்த்தது. உல்ஸ்டைன் நிறுவனத்தின் 'பெர்லினர் இல்லுஸ்ட்ரீர்ட்டே சைத்துங்' 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாரந்தோறும் ஏறத்தாழ 20 இலட்சம் படிகள் விற்றது. எழுத்துக்கு அணியாக நின்ற படம் தானே செய்தியாகி, எழுத்து அதற்குத் துணையாயிற்று. கருவி, விற்பனை, பக்க அமைப்பு ஆகியன பேசப்பட்ட அளவுக்குப் படத்தின் அடியில் நின்ற ஓரிரு வரிகள் பேசப்படவில்லை. அவ்வரிகளை மொழிநிலையில் நோக்கினால், அதே காலத்தில் வேறொரு வழியில் உருவாகிக்கொண்டிருந்த பாலக்காடு, இடுக்கி எல்லைப்புற மலைமக்கள் நிழற்படங்களும் புதிய வினாக்களுக்கு உள்ளாகின்றன.

அக்காலத் திறனாய்வாளர் இருவர் இச்சிக்கலை உணர்ந்திருந்தனர். 1927இல் 'ஃபிராங்ஃபுர்ட்டர் சைத்துங்' நாளிதழில் எழுதிய கட்டுரையில் சீக்ஃப்ரீட் கிராகவர், பட இதழ்கள் பெருகப் பெருக உலகைப் பற்றிய அறிவு பெருகவில்லை, நினைவே கரைகிறது என வாதிட்டார். 1931இல் வால்டர் பெஞ்சமின் நிழற்படத்தின் வரலாற்றைச் சுருக்கி எழுதியபோது, இனிப் படக்குறிப்பே படத்தின் இன்றியமையாக் கூறாகிவிடாதா என்னும் வினாவை எழுப்பினார். கிராகவரின் ஐயம் விரிவானது. எனினும் மொழி ஆய்வுக்குப் பயன்படுவது பெஞ்சமினின் வினாவே.

இனி எல்லைப்புறத்திற்கு வரலாம். எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் ஆனைமலைக் காடர்களின் படங்கள் உள்ளன. அதே 1909இல், பாலக்காட்டு லட்சுமிநாராயணபுரத்தில் பிறந்த எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் கொச்சி நாட்டுக் குலங்களைப் பற்றிய தம் நூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். இரண்டாம் தொகுதி 1912இல் வந்தது. காடர், சித்தூர் வட்டத்து எரவாளர் ஆகியோரைப் பற்றிய அக்காலப் பதிவு இவ்வுழைப்பு இல்லையேல் பெரிதும் குன்றியிருக்கும். இடுக்கி மலைகளின் முதுவர், மன்னான், ஊராளி முதலியோரை அவர் மகன் எல்.ஏ. கிருஷ்ண ஐயர் 1937 முதல் 1941 வரை மூன்று தொகுதிகளாக வந்த திருவிதாங்கூர் நூலில் விரித்தார். உள்ளூர் மொழியும் மண்ணும் அறிந்த இவ்விருவரையும் தர்ஸ்டனோடு ஒரே நிறையில் வைத்தல் பொருந்தாது. ஆயினும் படக்குறிப்பு என்னும் அளவில், மானிடவியல் நூல்கள் யாவும் ஏறக்குறைய ஒரே இலக்கணத்தையே பின்பற்றுகின்றன என்பது கருதத்தக்கது.

தர்ஸ்டன் நூலில் மூங்கில் சீப்பு அணிந்த காடர் சிறுமியும், பல் சீவிய காடர் சிறுவனும், மரம் ஏறும் காடரும் இடம்பெறுகின்றனர். இக்குறிப்புகளில் ஆட்பெயர் இல்லை. குலப்பெயரே அடையாக நின்று ஆளைச் சுட்டுகிறது. முற்றுவினை இல்லை. ஆங்கிலத்தில் அணிதலைக் குறிக்கும் எச்சவடிவம் தனக்கெனக் காலம் உடையதன்று. தமிழாக்குவோர் இங்குத் தடுமாறியே தீரவேண்டும். 'சீப்பு அணிந்த சிறுமி' என்றால் படம் எடுத்த வேளையில் அவள் அணிந்திருந்தாள் என்பதோடு செய்தி முடியும். 'சீப்பு அணியும் சிறுமி' என்றால் அது குலத்தின் என்றுமுள்ள வழக்கமாகிவிடும். தமிழின் பெயரெச்சம் காலத்தைத் தேர்ந்தெடுக்குமாறு மொழிபெயர்ப்பாளரை வற்புறுத்துகிறது. மானிடவியல் படக்குறிப்போ அத்தேர்விலிருந்து தப்பிக்கவே விழைகிறது.

தமிழில் அதற்கு ஒப்பான வடிவம் ஒன்று உண்டு, அது வினைத்தொகை. காலங்காட்டும் உறுப்பு மறைந்து, மூன்று காலத்துக்கும் விரிய இடம்தருவது அது. கடிநாய் எனப்பட்ட நாய், கடித்தாலும் கடிக்காவிட்டாலும் கடிநாயே. பல் சீவும் வழக்கம் அருகிய பின்னரும் காடர் சிறுவன் அப்படத்தில் சீவிய பல்லோடு நின்றுகொண்டிருப்பது இவ்வகைத் தொகைநிலையால்தான். படம் ஒரு நொடியைப் பிடிக்க, குறிப்பு அந்நொடியைக் காலத்திலிருந்து பிரித்துவிடுகிறது.

இவ்விலக்கணம் தீங்கற்ற வகைப்பாடு மட்டுமே எனக் கொள்ளுதற்கு இல்லை. எகோன் ஃபான் ஐக்ஸ்டெட் 1926 முதல் 1929 வரை ஜெர்மானிய இந்தியப் பயணக்குழுவின் தலைவராக வந்து, மலைவாழ் மக்கள் பலரை அளந்தும் படம் பிடித்தும் சென்றார். 1934இல் வெளிவந்த அவரது இனவியல் நூலில் 'மாலிட்' என்னும் மனிதவகை இடம்பெறுகிறது. 'மலை' என்னும் திராவிடச் சொல்லே அதன் அடி. ஒரு மக்கள் தம் இருப்பிடத்துக்கு இட்ட பெயர், அவர்தம் மண்டையோட்டுக்கு இடும் பெயராயிற்று. அவர் பணியாற்றிய பிரெஸ்லாவ் பல்கலைக்கழகமே அனந்தகிருஷ்ண ஐயருக்கு மதிப்புறு பட்டம் வழங்கியது. ஜெர்மானியப் பட இதழ்களைப் புதுமையின் அடையாளமாகவும், மானிடவியல் படங்களைக் காலனியக் காலத்தின் எச்சமாகவும் பிரித்து நோக்கும் வழக்கம் இங்கு வலுவிழக்கிறது. இரண்டும் ஒரே நாட்டில் ஒரே ஆண்டுகளில் வளர்ந்தவை.

மாற்று இலக்கணம் ஒன்றும் அந்நாட்டிலேயே முயலப்பட்டது. வில்லி மூன்ட்சன்பெர்க் நடத்திய 'ஆர்பைட்டர் இல்லுஸ்ட்ரீர்ட்டே சைத்துங்' என்னும் தொழிலாளர் பட இதழும், 1926இல் தோன்றிய தொழிலாளர் நிழற்படக்காரர் சங்கமும், உழைப்போர் தம் வாழ்வைத் தாமே படம் பிடிக்க வேண்டும் என வலியுறுத்தின. 1931இல் அவ்விதழ் மாஸ்கோவின் ஃபிலிப்போவ் குடும்பத்தின் ஒருநாள் வாழ்வைப் படத்தொடராக வெளியிட்டது. குடும்பத்துக்குப் பெயர் இருந்தது. நாளுக்குக் காலையும் மாலையும் இருந்தன. செயல்களுக்கு வினை இருந்தது. அது சோவியத் அரசின் பரப்புரையே என்பதில் ஐயமில்லை. பெயரும் வினையும் வந்துவிட்டால் உண்மையும் வந்துவிடும் என்பதன்று கருத்து. பொய்யா மெய்யா எனச் சோதித்தற்குரிய கூற்றாகப் படக்குறிப்பு மாறுகிறது என்பதே கருத்து. 'சீப்பு அணி சிறுமி' என்பதை எவரும் மறுத்துரைக்க இயலாது. அதில் கூற்றே இல்லை. 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அவ்விதழ் பிராகு நகருக்குப் பெயர்ந்தது.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் இத்தகைய சங்கம் எதுவும் தோன்றவில்லை. தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியே வந்த தொழிலாளர் படங்களில் இருந்தனர். கருவி அவர்கள் கையில் இல்லை. கூடை சுமந்து கொழுந்து கிள்ளும் பெண்ணின் படம் தேயிலைப் பொட்டலம் முதல் சுற்றுலா விளம்பரம் வரை இன்றும் வருகிறது. 'கொழுந்து கிள்ளும் பெண்' என்பதும் காலமற்ற தொடரே. எந்த எஸ்டேட், எந்த ஆண்டு, என்ன கூலி என்பன அதில் இடம்பெறா.

2015 செப்டம்பரில் அப்பெண்கள் மூணாற்றில் சாலையில் அமர்ந்து, 20 விழுக்காடு போனசும் கூலி உயர்வும் கோரினர். தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கி நிறுத்தினர். அப்போது வெளிவந்த நிழற்படங்களில் கூடை இல்லை. இடம், நாள், கோரிக்கை ஆகிய மூன்றும் செய்தியோடு சேர்ந்தே வந்தன. முன்னணியில் நின்ற பெண்கள் சிலர் பெயர் சுட்டப்பெற்றனர். அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் 'பெம்பிளை ஒருமை'. முதற்சொல் எல்லையின் இருபுறத்துப் பேச்சு வழக்குக்கும் நெருங்கியது. இரண்டாவது சொல் மலையாளத்தில் ஒற்றுமையைக் குறிக்கும். தமிழ் இலக்கணத்தில் பன்மைக்கு எதிரான எண்ணைக் குறிக்கும். குலப்பெயரும் தொழிற்பெயரும் அடையாக நின்று பலரை ஒரு வகையாக்கிய படக்குறிப்பு மரபில், பலராக இருந்தோர் தாமே தெரிந்துகொண்ட ஒருமை இது.