வேறுபாடு இல்லை என்றால் தடை இல்லையா?

இரண்டு விலங்குக் கூட்டங்களுக்கு இடையிலான மரபணு ஓட்டத்தை முடிவு செய்பவை தொலைவும், இடையில் கிடக்கும் நிலமும். தொலைவு கூடக்கூட மரபு நெருக்கம் குறைவதை சீவால் ரைட் 1943-இல் கணிதமாக்கினார். காடு, வயல், சாலை ஒவ்வொன்றும் விலங்கின் நடமாட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்று கணக்கிட, மின்சுற்றுக் கோட்பாட்டை பிராட் மெக்ரே 2006-இல் கொண்டுவந்தார். இலத்தியிலிருந்தும் எச்சத்திலிருந்தும் டிஎன்ஏ பிரித்து, இந்த அடிப்படையில் வழித்தட வரைபடம் போடுவது இப்போது இந்தியக் காட்டுயிர் ஆய்வில் பெருவழக்காகிவிட்டது.

இம்முறையின் பலத்தை மறுப்பதற்கில்லை. பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் உள்ள யானைகள் மரபில் வேறுபட்டவை என்பதை 2005-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே இன்னொரு தனிக்கூட்டம் இருப்பதை 2024-இல் முழு மரபணுத்தொகுதி ஆய்வு உறுதிசெய்தது. கண்ணில் பட்ட விலங்கெல்லாம் மரபணுவைக் கொண்டு சேர்ப்பதில்லை என்பதும் உண்மை. 2023 நவம்பரில் பெங்களூரின் ஓசூர் சாலையில் கூட்லு கேட் வரை வந்த சிறுத்தை, பிடிக்கும் முயற்சியில் குண்டடிபட்டு இறந்தது. அது நடந்துவந்த தூரம் எந்தக் கூட்டத்துக்கும் பயன்படவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. "இருபுறமும் மரபணு வேறுபாடு இல்லை" என்ற முடிவை, "நடுவில் தடை இல்லை" என்று படிப்பதுதான் அது.

அதே ஓசூர் சாலையில், பெங்களூரின் தென்கோடியில் உள்ள பொம்மசந்திராவையே எடுத்துக்கொள்ளலாம். தொழிற்பேட்டையை ஒட்டித் தேசிய நெடுஞ்சாலை 44 ஓடுகிறது; 2025 ஆகஸ்ட் முதல் மெட்ரோவும் ஓடுகிறது. மேற்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் பன்னேர்கட்டா தேசியப் பூங்கா. அந்தக் காடு தெற்கே தளி, தேன்கனிக்கோட்டை வழியாகக் காவிரிக் காடுகளோடு சேர்கிறது. ராகி விளையும் பருவத்தில் யானைகள் அங்கிருந்து ஓசூரை அடுத்த சானமாவு காட்டுக்கு வந்து, கிருஷ்ணகிரி நோக்கிப் போகும் இதே 44-ஐக் கடக்கின்றன. நாளைக்கே இந்தச் சாலையின் இருபுறமும் சுவர் எழுப்பினாலும், அடுத்த ஆண்டு எடுக்கும் இலத்தி மாதிரிகள் இருபுறமும் ஒரே கூட்டம் என்றே சொல்லும்.

காரணம் எளிது. மரபணு வேறுபாடு தலைமுறைகளில்தான் சேரும். புதிய தடை ஒன்று ஆய்வில் எப்போது தெரியும் என்பதை 2010-இல் எரின் லேண்ட்கத்தும் குழுவினரும் கணினிப் போலியாக்கத்தில் சோதித்தார்கள். கூட்டங்களுக்கு இடையிலான மரபு வேறுபாட்டை அளக்க ரைட் தந்த எப்.எஸ்.டி. குறியீடு, தன் இறுதிச் சமநிலை அளவில் பாதியை எட்டவே ஏறத்தாழ 200 தலைமுறைகள் பிடித்தன. வேறு அளவைகள் 1 முதல் 15 தலைமுறைகளுக்குள் காட்டிவிடும் என்பது ஆறுதலாகத் தோன்றலாம். ஆனால் யானைக்கு ஒரு தலைமுறை என்பது 20 முதல் 25 ஆண்டு. கெம்பே கௌடா 1537-இல் பெங்களூரை நிறுவியதிலிருந்து இன்றுவரை யானைகளுக்குக் கழிந்தவை இருபது, இருபத்தைந்து தலைமுறைகளே. அப்படியிருக்க, சென்ற சில பத்தாண்டுகளில் எழுந்த ஆலையும் குடியிருப்பும் மரபணுவில் தெரியவில்லை என்பதை நற்செய்தியாக எப்படி எடுத்துக்கொள்வது?

கால தாமதம் மட்டுமல்ல. ரைட்டின் வாய்பாட்டின்படி, தலைமுறைக்கு 10 விலங்குகள் இடம்பெயர்ந்து கலந்தால் எப்.எஸ்.டி. சுமார் 0.02, ஒன்றே ஒன்று கலந்தாலும் 0.2-க்கு மேல் போகாது. அதாவது பத்தில் ஒன்பது யானைகளின் வழியை அடைத்துவிட்டாலும், கூட்டங்கள் முற்றாகப் பிரிந்துவிட்டதாக மரபணு சொல்லாது. அந்த ஒன்பது யானைகளுக்கோ கோடையில் தண்ணீரும் தீவனமும் கிடைக்குமா என்பதே கேள்வி. யானைகளில் பிறந்த மந்தையை விட்டுப் போவது ஆண்கள்தான். பெண்கள் தாயோடும் குட்டிகளோடும் தங்கிவிடுகின்றன. இரவில் தனியாகச் சாலையைக் கடக்கும் ஓர் ஆண் யானை போதும், உட்கரு டிஎன்ஏ-வில் தொடர்பு இருப்பதாகக் காட்ட. குட்டிகளோடு வந்த மந்தை லாரிகளைக் கண்டு திரும்பிப் போனது எந்த மாதிரியிலும் பதிவாவதில்லை.

காட்டோரத்தில் எடுக்கப்படும் முடிவுகளோ சில ஆண்டுகளில் மாறிவிடுகின்றன. பன்னேர்கட்டாவைச் சுற்றிய சூழல் உணர்திறன் மண்டலம் 2016-இன் வரைவு அறிவிக்கையில் 268.96 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2020-இன் இறுதி அறிவிக்கையில் 168.84 ஆகச் சுருங்கியது. நான்கே ஆண்டுகளில் நிகழ்ந்த இதன் விளைவை, நூற்றாண்டுக் கணக்கில் ஓடும் ஒரு கடிகாரத்தைப் பார்த்து அறிய முடியாது.

இன்றைய தடையை அறிய இன்றைய சான்று வேண்டும்: கேமராப் பொறி, ரேடியோ காலர், எந்த மாதத்தில் எத்தனை மந்தைகள் குட்டிகளோடு கடந்தன என்ற பதிவு. இதே 44-ஆம் சாலை பென்ச் புலிகள் காப்பகத்தைக் கடக்குமிடத்தில், விலங்குகள் அடியில் செல்ல ஒன்பது கடவுகள் கட்டப்பட்டன. அவற்றைப் புலிகள் பயன்படுத்துவதைக் காட்டியவை கேமராக்கள். ஓசூர் சாலையை ஒட்டிய எந்தத் திட்டத்தின் அனுமதிக் கோப்பிலும், "மரபணு வேறுபாடு காணப்படவில்லை" என்ற ஒரு வரி தனிச் சான்றாக ஏற்கப்படக் கூடாது.