உடையும் மொழியும்: யூரோவிஷன் பாடற்போட்டியை மாறுவேடமிட்டுக் காணும் விருந்துகள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

ஆண்டுதோறும் மே மாதத்துச் சனிக்கிழமை இரவொன்றில் ஐரோப்பிய இல்லங்கள் பலவற்றில் ஒரு விருந்து நடைபெறுகின்றது. யூரோவிஷன் பாடற்போட்டியின் இறுதிச் சுற்றைத் தொலைக்காட்சியில் காண்பதற்காக நண்பர்கள் ஒரு வீட்டில் கூடுகின்றனர். வருபவர் ஒவ்வொருவருக்கும் சீட்டுக் குலுக்கி ஒரு நாடு ஒதுக்கப்படுவது பல இடங்களில் வழக்கம். அவர் அந்நாட்டுக் கொடியின் வண்ணத்திலோ, அந்நாட்டின் சார்பில் முன்னர்ப் பாடிய கலைஞர் ஒருவரின் கோலத்திலோ உடுத்தி, அந்நாட்டு உணவு ஒன்றையும் கொண்டு வருகின்றார். ஒவ்வொரு பாடலுக்கும் மதிப்பெண் இடுவதற்குப் புள்ளித்தாள்கள் வழங்கப்படுகின்றன. பி.பி.சி. நிறுவனமே இத்தகைய தாள்களை நேயர்கள் அச்சிட்டுக்கொள்ளும் வகையில் வெளியிட்டு வந்துள்ளது. எஸ்.பி.எஸ். தொலைக்காட்சி 1983 முதல் இப்போட்டியை ஒளிபரப்பிவரும் ஆஸ்திரேலியாவில், ஞாயிறு அதிகாலையில் எழுந்து இவ்விருந்தை நடத்துவோரும் உளர்.

இதனைப் பொழுதுபோக்கு என்று கூறிக் கடந்துசெல்வது எளிது. ஆயினும், ஒரு கலைப்படைப்பை நுகர்வோர் அதனைத் தம் உடலின்மீது ஏற்றுக்கொண்டு வெளிப்படுத்தும்போது, அந்நுகர்ச்சி ஒருவகைத் திறனாய்வாகவும் ஆகிவிடுகின்றது. எந்தப் பாடகரின் கோலத்தை ஏற்பது, எதனை மிகைப்படுத்துவது, எதனை விடுப்பது என்னும் தெரிவுகள் அனைத்தும் மதிப்பீடுகளே. இம்மதிப்பீட்டில் எது இடம்பெறுகின்றது, எது விடுபடுகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உடை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எளிதிற் செல்கின்றது. மொழி அவ்வாறு செல்வதில்லை. இவ்வேறுபாட்டை உணராத விருந்து, தான் கொண்டாடுவதாக நினைக்கும் மக்களையே காணத் தவறுகின்றது என்பது நாம் இங்கு முன்வைக்கும் கருத்தாகும்.

போட்டி விதிகளும் உடையின் எழுச்சியும்

இத்தாலியின் சான் ரெமோ இசைவிழாவை முன்மாதிரியாகக் கொண்டு ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1956ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் முதற் போட்டியை நடத்தியது. அதில் 7 நாடுகள் பங்கேற்றன. ஒவ்வொரு நாடும் தன் மொழிகளுள் ஒன்றிலேயே பாடவேண்டும் என்ற விதி 1966இல் வகுக்கப்பட்டது. அவ்விதி 1973இல் தளர்த்தப்பட்டு, 1977இல் மீண்டும் நடைமுறைக்கு வந்து, 1999இல் முற்றாகக் கைவிடப்பட்டது. இம்மொழி விதியின் வரலாற்றோடு உடையின் வரலாற்றையும் இணைத்து நோக்குதல் பயனுடையது.

1974ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6ஆம் நாள் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் சுவீடனின் அப்பா குழுவினர் 'வாட்டர்லூ' என்னும் பாடலால் வென்றனர். மொழி விதி தளர்ந்திருந்த இடைக்காலம் அது. அவர்கள் ஆங்கிலத்தில் பாடினர். மினுமினுக்கும் உடையும் வெள்ளிநிறக் காலணியும் அணிந்து மேடையேறினர். போர்க்களப் பெயரைத் தலைப்பாகக் கொண்ட அப்பாடலுக்கு இசைக்குழுவை நடத்தியவர் நெப்போலியன் கோலத்தில் தோன்றினார். தாய்மொழி விலகிய மேடையிலேயே வேடம் அத்துணை வலுவாக நுழைந்தமை கருதத்தக்கது. மாறுவேட விருந்துகளில் இன்றும் பெரிதும் விரும்பப்படும் கோலங்களுள் ஒன்று அப்பா குழுவினருடையதே.

1999க்குப் பின்னர் இப்போக்கு விரைவுபெற்றது. 1999 முதல் 2006 வரை வென்ற 8 பாடல்களும் முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ ஆங்கிலத்தில் அமைந்தவை. 2004இல் இஸ்தான்புல் நகரில் வென்ற உக்ரேனின் ருஸ்லானா, கார்பாத்திய மலைவாழ் ஹுட்சுல் மக்களின் இசையிலிருந்து தம் பாடலுக்கு ஊக்கம் பெற்றார். அம்மண்ணின் அடையாளத்தை அவர்தம் தோலாடையும் தாளமும் பெரிதும் சுமந்தன. சொற்களில் பெரும்பகுதி ஆங்கிலமாயின. மூன்று மணித்துளிகளுக்கு மேற்படாத ஒரு பாடலில், மொழி விட்டுச்சென்ற இடத்தை உடை நிரப்பிற்று எனலாம். விருந்துக்கு வருவோர் உடையைப் பற்றிக்கொள்வது தற்செயலன்று. போட்டியே அவர்கள் கைக்கு எட்டும் வகையில் நீட்டியதை அவர்கள் எடுத்துக்கொள்கின்றனர்.

எள்ளலின் இரு வகை

இவ்விருந்துகளின் உயிர்நாடி சிரிப்பு. பிரிட்டனில் இச்சிரிப்புக்கு வடிவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் டெர்ரி வோகன். 2008 வரை பல்லாண்டுகள் பி.பி.சி. தொலைக்காட்சியில் இப்போட்டிக்கு வருணனை வழங்கிய அவர், மேடையில் நிகழ்வதை மெல்லிய கேலியோடு விளக்குவதையே தம் பாணியாகக் கொண்டிருந்தார். அவர் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை, பாடலைக் கேட்பதோடு பாடலைப் பார்த்து நகைப்பதையும் நிகழ்ச்சியின் பகுதியாகவே கொண்டது.

இந்நகையைப் பகுத்தறியத் தமிழ் இலக்கணமரபு நமக்குத் துணைசெய்கின்றது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குரிய நான்கு நிலைக்களன்களுள் எள்ளலை முதலாவதாக வைக்கின்றது. அதற்கு உரைகண்ட பேராசிரியர், தான் பிறரை எள்ளுவதால் எழும் நகை, பிறர் தன்னை எள்ளியவழித் தனக்கு எழும் நகை என அதனை இரண்டாகக் கொள்வார். இப்பாகுபாடு இவ்விருந்தின் இயல்பை நன்கு காட்டுகின்றது. இருக்கையில் அமர்ந்தபடி அயல்நாட்டுப் பாடகரைக் கேலிசெய்பவரிடம் முதல் வகை மட்டுமே உண்டு. அவரே இறகும் சரிகையும் அணிந்து, முகத்தில் வண்ணம் பூசி, பேருந்தில் ஏறி நண்பர் வீட்டுக்குச் செல்லும்போது இரண்டாம் வகையும் வந்து சேர்கின்றது. தாம் நகைத்த கோலத்திலேயே தாமும் நகைப்புக்கு ஆளாக அவர் உடன்படுகின்றார். வேடம் பூணுதல் கேலியை இருவழிப் பாதையாக்குகின்றது. அவ்வகையில் வேடமின்றிச் செய்யும் கேலியைக் காட்டிலும் அது நேர்மையானது. இவ்விருந்துகளை வெறும் ஏளனக் கூட்டங்கள் எனக் கருதுவோரின் கூற்றை இக்காரணத்தால் நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை.

வேடத்தின் வேடமும் மக்களின் வேடமும்

எனினும், எல்லா வேடங்களும் ஒரு தன்மையன அல்ல. 2006இல் ஏதென்ஸ் நகரில் பின்லாந்துக்கு முதல் வெற்றியைத் தேடித்தந்த லோர்டி குழுவினர் அரக்க முகமூடிகளோடு பாடினர். 2007இல் ஹெல்சிங்கியில் இரண்டாம் இடம்பெற்ற வெர்கா செர்டுச்கா, ஆந்திரி டனில்கோ என்னும் நடிகர் படைத்து ஏற்றுவரும் பெண் பாத்திரம். வெள்ளித்தாள் போன்ற மின்னும் ஆடையும் தலைமேல் நிற்கும் பெரிய விண்மீனும் அப்பாத்திரத்தின் கோலம். இவற்றை விருந்தில் அணிபவர் ஏற்கெனவே வேடமாக இருப்பதை மீண்டும் வேடமாக்குகின்றார். அதனால் எம்மக்களும் இழிவுறுவதில்லை.

ஒரு நாட்டு மக்களின் உடை வேடமாகும்போது நிலை மாறுகின்றது. 2018இல் லிஸ்பனில் வென்ற இஸ்ரேலியப் பாடகி நெட்டா, ஜப்பானியக் கிமோனோவை ஒத்த உடையணிந்து பாடியபோது, பிறர் பண்பாட்டை அலங்காரப் பொருளாக்கினார் என்ற கண்டனம் எழுந்தது. மேடைக்கே இக்கேள்வி எழுமாயின், சீட்டில் வந்த நாட்டைச் சில மணி நேரத்தில் உடையாக்க முயலும் விருந்தினருக்கும் அது பொருந்தும். அந்நாட்டைப் பற்றி அவர் முன்னமே கொண்டிருந்த எளிய படிமத்தையே அவர் பெரும்பாலும் அணிந்து வருகின்றார்.

இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் நிற்பது 2012ஆம் ஆண்டின் எடுத்துக்காட்டு. பாக்கு நகரில் ரஷ்யாவின் சார்பில் பாடி இரண்டாம் இடம்பெற்றவர்கள் உட்முர்த்தியாப் பகுதியின் புரனோவோ சிற்றூரைச் சேர்ந்த பாட்டிமார். தம் ஊரில் தேவாலயம் எழுப்பப் பொருள்திரட்டுவது அவர்களின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. அவர்கள் அணிந்தவை தம் மக்களின் மரபுடைகளே. அதன்பின் தலைத்துணியும் மேலங்கியும் விருந்துகளில் எளிதில் நகலெடுக்கத்தக்க கோலமாயின. ஆனால், அவர்கள் பாடிய பாடலின் பெரும்பகுதி உரால் மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த உட்முர்த்து மொழியில் அமைந்தது. ஆங்கிலப் பல்லவி ஆட்டத்துக்கு அழைக்க, உட்முர்த்து அடிகளோ வீடு திரும்பும் பிள்ளைகளை எதிர்நோக்கி விருந்துக்கு ஆயத்தம் செய்யும் மகிழ்ச்சியைப் பேசின. மேடையில் அடுப்பு ஒன்றும் இடம்பெற்றது. விருந்தோம்பலைப் பாடிய பாடலை ஒரு விருந்தில் நடித்துக் காட்டுவோர், அது விருந்தோம்பலைப் பாடுகின்றது என்பதையே அறியாதிருக்கக்கூடும். தலைத்துணி அவர்களை வந்தடைந்தது, சொல் வந்தடையவில்லை. அம்மூதாட்டியரை உலகமேடைக்குத் தகுதியாக்கியது அச்சொல்லே அன்றோ?

உடைக்கு அகப்படாத பாடல்கள்

உடையைக்கொண்டு மதிப்பிடும் முறையின் எல்லையை வேறு சில பாடல்கள் காட்டுகின்றன. 2016இல் ஸ்டாக்ஹோமில் வென்ற உக்ரேனின் ஜமாலா, '1944' என்னும் தலைப்பில், கிரிமியத் தாத்தார் மக்கள் ஸ்டாலின் ஆட்சியில் தம் மண்ணைவிட்டு வெளியேற்றப்பட்ட வரலாற்றைப் பாடினார். பல்லவி கிரிமியத் தாத்தார் மொழியில் அமைந்தது. அத்துயரத்துக்கு எவ்வேடம் பொருந்தும்? சரிகையணிந்த விருந்தினர் அம்மூன்று மணித்துளிகளில் தம் கோலத்தை மறந்து கேட்பவராக மாறுவதைத் தவிர வேறு வழியில்லை.

2017இல் கீவ் நகரில் வென்ற போர்த்துகலின் சல்வடோர் சோப்ரால் அலங்காரமற்ற கருநிற உடையில், தம் தமக்கையார் இயற்றிய பாடலைப் போர்த்துகீசிய மொழியிலேயே பாடினார். நடுவர் குழுக்களும் பொதுமக்களும் அதனையே முதலிடத்தில் வைத்தனர். 1964 முதல் பங்கேற்றுவந்த போர்த்துகலுக்கு அதுவே முதல் வெற்றி. வெற்றியின்போது பேசிய அவர், இசை வாணவேடிக்கையன்று, உணர்வே என்னும் பொருள்பட உரைத்தார். 2007இல் செர்பிய மொழியிலும், 2021இல் இத்தாலிய மொழியிலும், 2022இல் உக்ரேனிய மொழியிலும் அமைந்த பாடல்கள் வென்றமையையும் இதனோடு இணைத்துக் காணவேண்டும். பொருள் விளங்காத மொழியும் கேட்போரை ஈர்க்கவல்லது என்பதற்கு இவை சான்றாகும். எனவே, மொழி தடையாதலால் உடையைப் பற்றினோம் என்னும் விருந்தினரின் வாதம் வலுவிழக்கின்றது.

விருந்தளிப்பவரின் கடமையும் நம் வகுப்பறையும்

இக்குறையை நீக்க விருந்தையே நிறுத்தவேண்டியதில்லை. விருந்தளிப்பவர் சில சிறிய ஏற்பாடுகளைச் செய்தாற் போதும். நாட்டைச் சீட்டில் ஒதுக்குவதற்கு மாறாகப் பாடலை ஒதுக்கலாம். அவ்வாறு செய்யின் விருந்தினர் ஒரு மக்கட்கூட்டத்தையன்றி ஒரு படைப்பை வேடமாக ஏற்பார். பாடலின் தலைப்பை மூலமொழியில் பிழையின்றி ஒலிக்கவும், அதன் பொருளை இரண்டு வரிகளிற் கூறவும் அவரைக் கேட்கலாம். உடைக்குத் தனிக் கட்டம் வகுக்கும் புள்ளித்தாளில் மொழிக்கும் ஒரு கட்டம் சேர்க்கலாம். இவற்றால் சிரிப்புக் குறையாது. எதைக் கண்டு சிரிக்கின்றோம் என்பது தெளிவாகும்.

இது ஐரோப்பியரின் சிக்கல் மட்டுமன்று. 2023 முதல் போட்டியில் பங்கேற்காத நாடுகளின் நேயர்களும் இணையவழி வாக்களிக்க இடமளிக்கப்பட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்கு இறுதிச் சுற்றை நேரலையாகக் காண்போர், வாக்காளர்களாகவும் ஆகலாம் என்ற நிலை அவ்வாறு உருவாயிற்று. அதனினும் முதன்மையானது நம் பள்ளிகளில் நாம் காணும் ஒப்புமை. சிங்கப்பூரில் 1964ஆம் ஆண்டுக் கலவரத்தை நினைவிற்கொண்டு, 1997 முதல் ஜூலை 21ஆம் நாளையொட்டிப் பள்ளிகளில் இன நல்லிணக்க நாள் அனுசரிக்கப்படுகின்றது. மாணவர்கள் பிற இனத்தாரின் உடையை அணிந்து வருவது அந்நாளின் வழக்கங்களுள் ஒன்று. அந்நாளில் சேலையும் வேட்டியும் பல கைகளுக்குச் செல்கின்றன; முறுக்கும் பலராலும் சுவைக்கப்படுகின்றது. அதே நாளில் எத்தனை தமிழ்ச் சொற்கள் பிற மாணவர்களின் நாவிற்குச் சென்றன என்று தமிழாசிரியர்கள் வினவுதல் தகும். உட்முர்த்துப் பாட்டிமாரின் தலைத்துணிக்கு நேர்ந்தது சேலைக்கும் நேரக்கூடும்.

நிறைவுரை

மாறுவேடமிட்டுக் காணும் விருந்து, காண்போரைக் கலைநிகழ்வின் பங்காளராக்கும் ஆற்றல் உடையது. தம்மையும் நகைப்புக்கு உட்படுத்துவதால் அதன் எள்ளலில் ஒரு நேர்மை உண்டு. படைப்பை வேடமாக்கும்போது அது நல்ல திறனாய்வாகவும், மக்களை வேடமாக்கும்போது தட்டையான படிமமாகவும் அமைகின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தீர்மானிப்பது பாடலின் மொழிக்கு விருந்தில் இடம் உண்டா என்பதே. பண்பாட்டு நாள்களுக்கு மாணவர்களை ஆயத்தப்படுத்தும் ஆசிரியர், உடையோடு அவ்வுடைக்குரியோரின் மொழியில் ஒரு வாழ்த்துச் சொல்லையேனும் கற்றுவருமாறு மாணவரைப் பணிப்பாராயின், இக்கட்டுரை வேண்டுவது அங்கிருந்தே தொடங்கிவிடும்.