மூன்று மலை, ஒரு செஞ்சி

தமிழ்நாட்டில் உனக்குப் பிடித்த ஊர் எது என்று யார் கேட்டாலும் யோசிக்கவே மாட்டேன்: செஞ்சி! மதுரைக்காரர்களும் தஞ்சாவூர்க்காரர்களும் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 27 ஆயிரம் பேர், இன்னும் பேரூராட்சிதான், ரயில் நிலையம்கூடக் கிடையாது. ஆனால் இந்த ஊர் பார்த்த கொடிகளைக் கணக்கெடுத்தால் டெல்லிக்கே பொறாமை வரும்.

திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறுங்கள், ஜன்னலோரமாக. நெல், கரும்பு, மல்லாட்டைக் கொல்லை என்று விழுப்புரம் மாவட்டத்துச் சமவெளி போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று பாறைகள்! ராட்சசக் குழந்தைகள் விளையாடிவிட்டு அள்ளி வைக்காமல் போன கூழாங்கற்கள் மாதிரி, ஒன்றின்மேல் ஒன்றாக, இப்போதோ அப்போதோ உருண்டுவிடும் போல. சங்கராபரணி ஆறு இந்தப் பக்கத்துக் குன்றுகளில் பிறந்துதான் புதுச்சேரி அருகே கடலுக்குப் போகிறது.

ஊருக்கு மேற்கே ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகள். மூன்றையும் இணைத்து முக்கோணமாக, சுமார் 13 கிலோமீட்டர் கோட்டை மதில். திருவண்ணாமலை சாலை அதற்குள் புகுந்துதான் போகிறது. கோட்டைக்குள் நுழைந்து வெளியேறியதே தெரியாமல் கிரிவலத்துக்குப் போகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர்!

கோனார் அரசர்கள் தொடங்கியது, நாயக்கர்கள் வளர்த்தது. 1649-ல் பீஜப்பூர் சுல்தான் படை பிடித்தது, 1677-ல் சிவாஜி. அவர் பலப்படுத்தி வைத்த கோட்டைதான் பிறகு மராட்டியர் மானத்தைக் காப்பாற்றியது. ஔரங்கசீப்புக்குத் தப்பி சிவாஜியின் மகன் ராஜாராம் ஓடிவந்த இடம் செஞ்சி. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை சுற்றி வளைத்துக் கிடந்தது. யோசித்துப் பாருங்கள், அத்தனை வருடம் மராட்டிய ராஜ்ஜியத்தின் தலைநகரம் நம் தென்னார்க்காட்டில்! கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை, தப்பிவிட்டார். பிறகு பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் ஆங்கிலேயர்கள். அதெல்லாம் போகட்டும், தேசிங்குக்கு வருவோம்.

இருபதுகளின் தொடக்கத்திலிருந்த ராஜபுத்திர இளைஞன் தேஜ் சிங்தான் நம் தேசிங்கு. ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படைக்கு எதிராகச் சில நூறு குதிரைவீரர்களோடு கிளம்பி 1714-ல் மாண்டான். ஆண்டது ஒரு வருடம்கூட இல்லை; ஆனால் முந்நூறு வருடமாகத் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் வாழ்கிறான், குதிரை பாராசாரியோடும் நண்பன் மோவுத்துக்காரனோடும். போருக்குப் போகாதே என்று சிங்கவரம் ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அந்தக் குடைவரைக் கோயிலுக்குப் போய்ப் பள்ளிகொண்ட பெருமாளைப் பாருங்கள், நம்பிவிடுவீர்கள். அப்படியே திருநாதர்குன்றுக்கும் போங்கள்: ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமணத் துறவியின் கல்வெட்டு. கோட்டை எழும்புவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே ஆள் நடமாட்டம்!

ராஜகிரி சுமார் 800 அடி. முழங்கால் கெஞ்சும், குரங்கு பையைப் பிடுங்கும். உச்சிக்குச் சற்று முன்னால் மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அந்தப் பிளவின்மேல் ஒரு சிறு பாலம். அதை எடுத்துவிட்டால் எந்தப் படையும் அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். என்ன மூளை! மேலே ஒரு பீரங்கி, ரங்கநாதர் கோயில், நாலாபுறமும் காற்று. கீழே அடுக்கடுக்காக எழும்பும் கல்யாண மகால், தானியக் களஞ்சியம், ஆனைக்குளம், மசூதி, வெங்கட்ரமணர் கோயில். அந்தக் கோயில் தூண்களில் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதான். அங்கே செல்ஃபி எடுக்கிறவர்கள் செஞ்சிக்கும் ஒரு நன்றி சொல்லலாம்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். பெருமைதான், ஆனால் களஞ்சியச் சுவரில் காதலி பெயரைக் கிறுக்குகிற நம் ஆட்களுக்கு இது எப்போது எட்டுமோ!

அடுத்த முறை திருவண்ணாமலை போகும்போது ஒரு நாள் முன்னதாகக் கிளம்பி செஞ்சியில் இறங்குங்கள். வெயிலுக்கு முன் காலையிலேயே ராஜகிரி ஏறிவிடுங்கள். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்; மேலே கடை எதுவும் கிடையாது.